98 மீட்டர் பறந்த பந்து

பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கதைக்கு முன்னால் ஒரு கணக்கு.

107 கஜம், 2 அடி, 1 அங்குலம். இது எத்தனை மீட்டர்?

ஒரு கஜத்துக்கு 3 அடி. ஆக 107 கஜம் என்பது 321 அடி. அதோடு 2 அடியைச் சேர்த்தால் 323 அடி. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் 323-ஐ 12-ஆல் பெருக்குங்கள்: 3,876. விட்டுப்போன அந்த ஓர் அங்குலத்தையும் சேர்த்தால் 3,877 அங்குலம். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். பெருக்கினால் 9,847.58 சென்டிமீட்டர் வரும். சுருக்கமாகச் சொன்னால் 98.48 மீட்டர்.

1899-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், கிழக்கு மெல்பர்ன் மைதானத்தில் ஒருவர் ஒரு தோல் பந்தை உதைத்தார். அது பறந்த தூரத்தை நாடா பிடித்து அளந்தார்கள். அந்த அளவுதான் நாம் இப்போது போட்ட கணக்கு. உதைத்தவர் பெயர் ஆல்பர்ட் தர்குட். 100 மீட்டர் ஓட்டம் தொடங்கும் கோட்டில் நின்று அவர் உதைத்திருந்தால், முடிவுக் கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னால் பந்து விழுந்திருக்கும்.

இதில் ஆச்சரியம் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே விளையாட்டை இன்று ஆடுகிறவர்கள் உடற்பயிற்சி, உணவு, காலணி என்று எல்லா விதத்திலும் முன்னேறியவர்கள். அவர்களே 60 மீட்டர் தாண்டி உதைத்தால் அது நெடிய உதை. அப்படியிருக்க, 120 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் எப்படி 98 மீட்டர் உதைத்தார்? 'அது கட்டுக்கதை' என்று ஒதுக்கிவிடலாம். 'அவர் மாவீரர்' என்று வாய் பிளந்து நிற்கலாம். இரண்டும் வேண்டாம். அந்தப் பந்தின் பின்னாலேயே ஓடிப்போய், அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்போம்.

கிரிக்கெட் மைதானத்தில் பிறந்த கால்பந்து

தர்குட் ஆடியது நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. ஆஸ்திரேலியக் கால்பந்து தனி ரகம். 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே, 1859 மே மாதம், அவரும் நண்பர்களும் மெல்பர்னில் உட்கார்ந்து விதிகளை எழுதிவிட்டார்கள்.

இந்த விளையாட்டுக்குப் பெரிய கிரிக்கெட் மைதானமே களம். அதனால் களம் நீள்வட்டம். பந்தும் நீள்வட்டம்தான்! இன்று ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறியத்தான் கூடாது. ஒருவர் தூரத்திலிருந்து உதைத்த பந்தை இன்னொருவர் கீழே விழாமல் பிடித்துவிட்டால், அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவர் நிதானமாகப் பின்வாங்கி, யாரும் தொந்தரவு செய்யாமல் உதைக்கலாம்.

களத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள உயரமான இரண்டுக்கும் நடுவே பந்து போனால் கோல், 6 புள்ளிகள். பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளிதான். தர்குட் ஆடத் தொடங்கிய காலத்தில் இந்த ஒற்றைப் புள்ளிகூடக் கிடையாது. கோல் அடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நீளமாகவும் நேராகவும் உதைக்கத் தெரிந்தவருக்கு அந்தக் காலத்தில் எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆல்பர்ட் என்ற கோல் புயல்

தர்குட் 1874-ல் மெல்பர்னில் பிறந்தவர். 18 வயதில், 1892-ல், எசென்டன் அணியில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே 56 கோல். அடுத்த ஆண்டு 64. அதற்கு அடுத்த ஆண்டு 63. மூன்று ஆண்டுகளும் எசென்டனுக்கே சாம்பியன் பட்டம். 1893-ல் அந்த அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அதே ஆண்டு ரிச்மண்ட் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் எசென்டன் 14 கோல் அடித்தது. அதில் 12 தர்குட் ஒருவரே அடித்தது!

அந்தச் சமயம் மெல்பர்னில் பணக் கஷ்டம். 1893-ல் வங்கிகள் வரிசையாகக் கதவை மூடின. நாட்டின் மறு கோடியில், மேற்கு ஆஸ்திரேலியாவில், தங்கம் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பிழைப்புத் தேடி மேற்கே போனார்கள். 1895-ல் தர்குட்டும் மேற்கே போய், பிரிமான்டில் துறைமுக நகரத்து அணியில் சேர்ந்தார். அங்கே மூன்று ஆண்டுகள் ஆடினார். மூன்றிலும் அதிகக் கோல் அடித்தவர் அவரே.

1898-ல் ஊர் திரும்பினார். ஆனால் எசென்டனுக்கு ஆட உடனே அனுமதி கிடைக்கவில்லை. காத்திருந்து, 1899-ல்தான் மறுபடி களம் இறங்கினார். நாம் பேசிக்கொண்டிருக்கும் உதை அந்த ஆண்டில் விழுந்ததுதான். 1901-ல் எசென்டன் மீண்டும் பட்டம் வென்றபோது அவர் அணியில் இருந்தார். 1902-க்குப் பிறகு ஒதுங்கியவர், 1906-ல் திரும்ப வந்து சில ஆட்டங்கள் ஆடிவிட்டு விடைபெற்றார். 1927-ல் ஒரு கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு 53 வயது. ரசிகர்கள் அவரை 'மகா ஆல்பர்ட்' என்று கொண்டாடினார்கள். 1996-ல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் புகழ் மன்றம் தொடங்கியபோது, முதல் ஆண்டே அவர் பெயரும் இடம்பெற்றது.

சரி, வீரரைப் பார்த்துவிட்டோம். இனி அவருடைய காலும் பந்தும் சந்திக்கிற இடத்துக்குப் போவோம்.

நூறில் ஒரு பங்கு நொடி

காலும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரு நொடியை நூறாகப் பிரித்தால், அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் அப்படிப் பத்து உதைகள் நடந்து முடிந்துவிடும்.

அவ்வளவு குறைந்த நேரத்தில் பந்து சும்மா கிடக்கும் நிலையிலிருந்து பெருவேகத்துக்குப் போக வேண்டும். எவ்வளவு வேகம்? காற்றே இல்லாத ஓர் உலகத்தில் பந்து 98.48 மீட்டர் போக, அது நொடிக்கு 31 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் போதும். மணிக்கு 112 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ எடையுள்ள பந்துக்கு நூறில் ஒரு பங்கு நொடியில் இந்த வேகத்தைக் கொடுக்க, சுமார் 1,500 நியூட்டன் விசை வேண்டும். உங்கள் பாதத்தின் மேல் 150 கிலோ எடை ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உதைத்த காலைவிடப் பந்து வேகமாகப் போகும். கால் கனமானது, பந்து லேசானது. கனமான பொருள் ஒன்று வேகமாக வந்து லேசான பொருளில் மோதும்போது, லேசானது மோதியதைவிட வேகமாகத் துள்ளி ஓடும். அதோடு, உதை பட்ட பந்து ஒரு கணம் நசுங்கி, மறுபடி விரிந்து, காலைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிறது. காற்று இறங்கிய பந்தை உதைத்துப் பாருங்கள், 'தொப்'பென்று பக்கத்திலேயே விழும். நசுங்கிய பந்து முழுதாக விரியாததுதான் காரணம். மழையில் ஊறிய தோல் பந்துக்கும் இதே கதிதான். தண்ணீர் குடித்து எடை கூடிவிடுவதால், அதே உதைக்கு அது மெதுவாகத்தான் கிளம்பும். மெல்பர்னில் கால்பந்து குளிர்கால ஆட்டம். ஈரப் பந்தோடு மல்லுக்கட்டுவது அந்தக் கால வீரர்களின் அன்றாடப் பாடு.

எந்தக் கோணத்தில் உதைப்பது?

பந்தைத் தரையோடு தரையாக உதைத்தால் சீக்கிரம் தரையைத் தொட்டுவிடும். நேரே வானத்தைப் பார்த்து உதைத்தால் தலையிலேயே விழும். இரண்டுக்கும் நடுவில், 45 டிகிரியில் உதைத்தால் அதிகத் தூரம் போகும். இது காற்றில்லாத உலகத்தின் கணக்கு. அந்தக் கணக்கின்படி, 98 மீட்டர் போகும் பந்து சுமார் நாலரை நொடி வானத்தில் இருக்கும், 24 மீட்டருக்கு மேல் உயரும்.

ஆனால் நம் உலகத்தில் காற்று இருக்கிறதே! முன்னே போகும் பந்தை அது தடுத்துக்கொண்டே இருக்கும். பந்து எவ்வளவு நேரம் பறக்கிறதோ அவ்வளவு நேரமும் தடைதான். அதனால் நடைமுறையில் 45 டிகிரியைவிடச் சற்றுத் தாழ்வாக உதைத்தால்தான் தூரம் கூடும்.

இந்தத் தடை லேசுப்பட்டதில்லை. பந்தின் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் தடை ஒன்பது மடங்கு! வேகமாக உதைக்க உதைக்கக் காற்றும் மூர்க்கமாகும். ஆகவே நொடிக்கு 31 மீட்டர் என்று நாம் போட்ட கணக்கு நிஜத்தில் போதாது. அமைதியான காற்றில் 98 மீட்டர் போக, அதைவிட மிகக் கடினமான உதை வேண்டும். அங்கேதான் நம் புதிர் இறுகுகிறது.

முனையா, வயிறா?

ஆஸ்திரேலியப் பந்தின் நீளம் சுமார் 28 சென்டிமீட்டர். நடுவே குறுக்களவு சுமார் 17.5 சென்டிமீட்டர். அது கூர்முனையை முன்னே நீட்டிப் பறந்தால் காற்றில் படும் பரப்பு குறைவு. வயிற்றைக் காட்டிக்கொண்டு பறந்தால் அந்தப் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். பரப்பு கூடினால் தடையும் கூடும். ஆகத் தூரம் வேண்டுமென்றால் முனை முன்னே இருக்க வேண்டும்.

சொல்வது சுலபம். நீள்வட்டப் பந்தை முனை முன்னே இருக்கும்படி சும்மா எறிந்தால், பாதி வழியிலேயே காற்று அதைப் புரட்டி வயிற்றைத் திருப்பிவிடும். அதைத் தடுக்க ஒரே வழி, சுழற்றிவிடுவது. சும்மா நிறுத்தினால் சாய்ந்துவிடும் பம்பரம், சுழலும்போது மட்டும் ஆணியில் நிமிர்ந்து நிற்கிறது இல்லையா? சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. நீளவாக்கில் சுழன்றபடி பறக்கும் பந்தும் அப்படியே முனையை முன்னே வைத்துக்கொள்ளும். இப்படி உதைப்பதற்கு ஆஸ்திரேலியர்கள் 'டார்பிடோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மிக அதிகத் தூரம் போகும் உதை இதுதான். ஆனால் கால் கொஞ்சம் தப்பான இடத்தில் பட்டாலும் பந்து கோணலாகப் போய்விடும்.

வைத்து உதைப்பது, விட்டு உதைப்பது

தர்குட் காலத்தில் கோல் அடிக்க விரும்பியவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளை நம்பினார்கள். ஒன்று 'பிளேஸ் கிக்'. பந்தைத் தரையில் நிறுத்தி வைத்து, பின்னால் போய், ஓடிவந்து உதைப்பது. தர்குட்டின் 98.48 மீட்டர் உதை இந்த வகைதான். பந்து அசையாமல் நிற்பதால், ஓட்டம் முழுவதையும் உதையில் இறக்கலாம். சாய்த்து வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா என்றும் நாமே முடிவு செய்யலாம். குறை என்னவென்றால், நிறுத்தி வைக்க நேரம் பிடிக்கும்.

இன்னொன்று 'டிராப் கிக்'. பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு, அது தரையைத் தொட்டுக் கிளம்பும் அதே நொடியில் உதைப்பது. நீள்வட்டப் பந்து தரையில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அதையும் கணித்து உதைத்த அந்த வீரர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

பின்னாளில் 'டிராப் பன்ட்' என்ற உதை வந்தது. 1930-களிலும் 40-களிலும் அதைப் பரப்பியவர்களில் ரிச்மண்ட் அணியின் ஜாக் டயர் முக்கியமானவர். பந்தைத் தரையில் விடாமல் நேரே காலுக்குக் கொண்டுவந்து அடி முனையில் உதைப்பார்கள். பந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டபடி பறக்கும். குட்டிக்கரணம் போடும்போது முனையும் வயிறும் மாறி மாறிக் காற்றில் படுவதால் டார்பிடோ அளவுக்குத் தூரம் போகாது. ஆனால் இதிலும் சுழற்சி இருக்கிறது. அச்சு இடது வலமாக அசையாமல் நிற்பதால் பந்து நேர்கோடு தவறாது. பிடிப்பதும் சுலபம். அதனால்தான் இன்று களத்தில் பெரும்பாலும் டிராப் பன்ட்தான். டிராப் கிக் 1970-களில் மெல்ல மறைந்துவிட்டது.

நேராகப் போவது ஏன் அவ்வளவு முக்கியம்? கோல் கம்பங்களின் இடைவெளி 6.4 மீட்டர். 30 மீட்டர் தள்ளி நேர் எதிரே நின்று பார்த்தால், அந்த இடைவெளி உங்கள் கண்ணுக்கு 12 டிகிரி அகலம். 60 மீட்டர் தள்ளிப் போனால் 6 டிகிரிதான். தூரம் இரட்டித்தால் பிழைக்கு இருக்கும் இடம் பாதியாகும். ஒரே ஆட்டத்தில் 12 கோல் அடித்தவரின் காலில் பலத்தோடு துல்லியமும் இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

காற்று கட்சி மாறினால்?

இப்போது புதிருக்கு வருவோம். பிளேஸ் கிக்கில் பந்து குட்டிக்கரணம் போட்டுத்தான் பறக்கும், அதனால் தடை அதிகம். பிறகு எப்படி 98 மீட்டர்?

இதுவரை காற்றை எதிரியாகவே பார்த்தோம். அது முதுகுப் பக்கமிருந்து வீசினால் என்ன ஆகும்? பந்து நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. காற்றும் அதே திசையில் நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. பந்து காற்றை முட்டும் வேகம் எவ்வளவு? 22-லிருந்து 11-ஐக் கழியுங்கள், 11-தான். முட்டும் வேகம் பாதியானால் தடை கால் பங்காகிவிடும் என்று மேலே பார்த்தோம். முன்னோக்கிப் போவதற்கான தடையில் முக்கால் பங்கு மாயம்! எதிர்க்காற்றில் உதைத்தால் இதே கணக்கு தலைகீழாகும். 22-ம் 11-ம் கூடி 33 ஆகும், தடை இரண்டே கால் மடங்காகும்.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் டாஸ் வென்ற தலைவர் எந்தப் பக்கம் நோக்கி ஆடுவது என்று முடிவெடுக்கும்போது காற்றையும் பார்ப்பது இதனால்தான். தடகளத்தில் இதற்கு விதியே உண்டு. நீளம் தாண்டுதலிலும் 100 மீட்டர் ஓட்டத்திலும் பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், அந்த அளவைச் சாதனைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். ஓடுகிறவரைவிடப் பந்து பல மடங்கு லேசு. அதைக் காற்று எவ்வளவு தூக்கிக்கொண்டு போகும்!

ஆக, 98.48 மீட்டர் என்ற எண்ணைத் தனியாகப் படித்தால் அது பாதிச் செய்தி. காற்று எந்தப் பக்கம், பந்து காய்ந்ததா ஊறியதா, வைத்து உதைத்ததா கையிலிருந்து உதைத்ததா, விழுந்த இடம் வரை அளந்தார்களா உருண்ட இடம் வரையா என்று கேட்டால்தான் செய்தி முழுமையாகும். இப்படிக் கேட்பதால் தர்குட்டின் பெருமை குறையாது. எந்தக் காற்று அடித்தாலும், 12 கோலைக் காற்று வந்து அடித்துக் கொடுக்காது. பெரிய எண் எதைக் கண்டாலும், அது எந்தச் சூழலில் கிடைத்தது என்று கேட்பதே அறிவியல் பழக்கம்.

செய்து பாருங்கள்

தேவை: பழைய செய்தித்தாள், ஒட்டும் டேப், அளவு நாடா, ஒரு நோட்டு.

செய்தித்தாளைக் கசக்கி, இரு முனையும் கூம்பிய நீள்வட்டப் பந்தாக உருட்டி, டேப்பால் இறுகச் சுற்றுங்கள். காற்று அதிகம் வீசாத வெட்டவெளியில், ஒரே இடத்தில் நின்று மூன்று விதமாக எறியுங்கள். முதலில் முனையை முன்னே வைத்து, சுழற்றாமல். அடுத்து, விரல்களால் முறுக்கி, நீளவாக்கில் சுழலும்படி. மூன்றாவது, குட்டிக்கரணம் போடும்படி. ஒவ்வொரு விதத்திலும் ஐந்து முறை எறிந்து, முதலில் தரையைத் தொட்ட இடத்தைக் குறித்து அளந்து, சராசரி எடுங்கள். எது அதிகத் தூரம் போனது? எது அதிகம் நேராகப் போனது? இரண்டுக்கும் ஒரே பதில்தான் வருமா?

பிறகு காற்று நன்றாக வீசும் ஒரு சாயங்காலம் அதே சோதனையைச் செய்யுங்கள். காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி ஒரு தடவை, முகம் காட்டி ஒரு தடவை. நோட்டில் தூரம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசை, பந்தின் நிலை, எறிந்த விதம் என்று ஐந்து கட்டங்கள் கூடுதலாகப் போட மறக்காதீர்கள். உங்கள் வகுப்பில் யாராவது "நான்தான் அதிகத் தூரம் எறிந்தேன்!" என்று மார்தட்டினால், அந்த ஐந்து கட்டங்களையும் நிரப்பிக்காட்டச் சொல்லுங்கள்.